உங்களோடு வேறு யார் இருக்கப் போகிறார்கள்?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எமது வீட்டின் பின்பகுதியை வாடகைக்குக் கேட்டு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் மாகாண அலுவலகமொன்றில் வேலை பார்ப்பவர். மற்றவர் சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் இயந்திரப் பகுதியில் இருப்பவர். மூன்று பேராக இருக்கப் போவதாகவும், மூன்றாமவர் மாத முடிவில் வந்து சேர்வார் என்றும் கூறினார்கள். அறை, குசினி, கிணறு எல்லாவற்றையும் பார்த்தார்கள். வாடகையும் இணங்கிற்று. எல்லாம் முடிந்து அவர்கள் எழுந்திருக்கும் தறுவாயில் என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அந்த மற்றத் தம்பி எந்த இடம்?"

"முல்லைத்தீவு, ஐயா."

அதைச் சொல்லிவிட்டு அந்த இளைஞர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. தோட்பையைத் திறந்து, ஊசியால் கோத்த தாள்களை எடுத்து நீட்டினார். மூவரினதும் அடையாள அட்டைப் பிரதிகள், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ்கள், வேலைத்தலக் கடிதங்கள். எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

அந்தத் தாள்களை நான் கேட்கவில்லை. கேட்கப்படும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் அவர்கள் பாலர் வகுப்பிலோ அதற்கு அடுத்த வகுப்புகளிலோ இருந்திருப்பார்கள். ஆயினும் வீடு தேடிப் போகும் தமிழ் இளைஞன் தாளோடுதான் போகவேண்டும் என்பதை யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று அன்று முழுவதும் யோசித்தேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

வந்தவர்களின் பட்டினம்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோணேசர் கோயிலில் தொடங்குவர். அதுவே முறை. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய வீதிகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது வேலை தேடி வந்து, வாடகைக்கு இருந்து, வேலை முடிந்ததும் போனவர்களின் வரலாறு.

1795ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இப்பட்டினத்தைக் கைப்பற்றினர். பின்னர் இங்கு வளர்ந்த கடற்படைத் தளத்திற்குத் தச்சர், கொல்லர், சுமைகாரர், களஞ்சியக் காப்பாளர், எழுதுவினைஞர் எனப் பலதரப்பட்டோர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1920களிலிருந்து சீனக்குடாக் காட்டுக்குள் பிரமாண்டமான எண்ணெய்க் குதங்கள் எழும்பின. அவற்றுள் 99 குதங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அந்த வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பின்னர், இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படையின் முக்கிய தளங்களுள் ஒன்றாகத் திருகோணமலை மாறியது. ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. போர்க்காலத்தில் இருக்க இடமின்றிப் போவதும் வாடகை ஏறுவதும் எங்கும் நிகழ்வன. இலங்கையும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. அவ்வாண்டிலேயே 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன் இடத்துக்கு 1948இல் 29ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. இந்த நாட்டின் வாடகைச் சட்டம் ஒரு போரின் பிள்ளை என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. கொடி மாறியதைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் தளத்தை நம்பியிருந்த தொழிலாளர் பலர் வேலை இழந்ததையும், அவர்களுள் தமிழர் சில நூறு பேரைப் பதவியாவில் குடியேற்ற அரசாங்கம் எண்ணியதையும், அதற்கு எழுந்த எதிர்ப்பு 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் முன்கதைகளுள் ஒன்றாக அமைந்ததையும் அவை சொல்வதில்லை. வாடகை அறையை விட்டுப் புறப்பட்ட துறைமுகத் தொழிலாளி எங்கே போய் இருப்பது என்ற கேள்வி, இந்நாட்டின் இரத்தக் கறை படிந்த பக்கங்களுள் ஒன்றோடு சம்பந்தப்பட்டிருக்கிறது.

சமறி

பல பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கு எம்மிடம் ஒரு சொல் இருந்தது. அது சமறி. ஆங்கிலேய உத்தியோகத்தர் இந்தியாவிலும் இலங்கையிலும் மணமாகாத நாட்களில் கூடி வாழ்ந்த வீட்டுக்கு வைத்த பெயர் அது. தோழன் என்ற பொருள்படும் அவர்களுடைய கொச்சைச் சொல்லிலிருந்து பிறந்தது. வெள்ளைக்காரர் போன பின்னும் சொல் நின்றுவிட்டது. கொழும்பிலும் திருகோணமலையிலும் தமிழ் எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள், படவரைஞர்கள் ஆகியோரின் வாழ்வில் சமறி ஒரு பருவமாகவே இருந்தது. நான்கு அல்லது ஐந்து பேர். ஒரு சமையற்காரர், அல்லது முறை வைத்துச் சமையல். மாத முடிவில் ஒரு கொப்பியில் கணக்கு. அரிசி இவ்வளவு, மீன் இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு, விருந்தாளி சாப்பிட்டது இன்னார் கணக்கில்.

சமறிக்கு வீடு கொடுப்பவர் முதலில் விசாரிப்பார். அந்த விசாரணை எப்படி இருந்தது என்பதை ஓய்வுபெற்ற பல உத்தியோகத்தர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். எந்தக் கந்தோர், சம்பளம் எவ்வளவு, ஒருவர் மாற்றலாகிப் போனால் அவருடைய பங்கை யார் கட்டுவது, கிணற்றில் எத்தனை பேர் குளிப்பது, குடி உண்டா, பெண்பிள்ளைகள் இருக்கும் வளவு என்பது தெரியுமா என்பன வெளிப்படையான கேள்விகள். இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவறென்று சொல்லமுடியாது. தன் சொத்தை அந்நியர் நால்வரிடம் கொடுப்பவர் கேட்கவேண்டியவையே.

மறைமுகமான கேள்விகளும் இருந்தன. சாதியை நேரே கேட்கமாட்டார்கள். ஊரைக் கேட்பார்கள். ஊருக்குள் எந்தப் பக்கம் என்பார்கள். எந்தக் கோயில் உங்களுடையது என்பார்கள். இன்னாரைத் தெரியுமா என்பார்கள். மூன்றாவது பதிலிலேயே அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். வீடு இருக்கிறது அல்லது "இப்பதான் இன்னொரு ஆளுக்குச் சொல்லிப்போட்டன் தம்பி" என்ற மறுமொழி வரும். முஸ்லிம் நண்பரோ சிங்கள நண்பரோ பங்காளராக இருந்தால் கதை அதைவிட விரைவாக முடிந்துவிடும். பின்னாளில் அரசாங்கத்தின் விசாரணையைக் கண்டு பொருமிய நாம், நமது திண்ணைகளில் நடந்த இந்த விசாரணையை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

சமறியில் இன்னொரு குறையும் இருந்தது. வீடு ஒருவர் பெயரில் இருக்கும். அவரே தலைவர். மற்றவர்களுக்கு வீட்டுக்காரரோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளரின் எழுத்துமூலமான முன்சம்மதம் இன்றி வாடகைக்காரர் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ கீழ்வாடகைக்கு விட்டால், இருவரையுமே வெளியேற்ற வழிசெய்தது. ஆகவே தலைவரானவர், தன்னோடு இருப்பவர்கள் கீழ்வாடகைக்காரர் அல்லர், "கூட இருக்கிற பெடியள்" என்றே சொல்லவேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்த பின்னர் வீட்டுக்காரர்களின் அச்சம் இன்னும் கூடியது. ஒன்றுக்கு மேற்பட்ட வீடு வைத்திருந்தவர்கள், வாடகைக்கு விட்டால் வீடு திரும்பி வராது என்று எண்ணினார்கள். எழுத்தில் எதுவும் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று இருசாராரும் பழகிப்போனார்கள். கூட இருந்த பெடியளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அவர்களுடைய பெயரை எழுதுவதற்கு வேறொரு தாள் வந்து சேர்ந்தது.

படிவம்

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு ஒரு வீட்டுத்தலைவரின் கடமையைச் சொல்கிறது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி கேட்குமிடத்து, தன் வீட்டில் உள்ளோர் அனைவரின் பட்டியலையும், குடும்பத்தினர் யார், பணியாட்கள் யார், மற்றையோர் யார் என்று பிரித்து, அவர் கொடுக்கவேண்டும். விக்டோரியா மகாராணியின் காலத்துச் சட்டம் அது. நெடுங்காலம் அந்தப் பிரிவு இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாது.

1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதில் பிறந்த இடமும் குறிக்கப்பட்டது. அடுத்து அவசரகால விதிகள் வந்தன. இம்மூன்றும் சேர்ந்தபோது, வீட்டில் யார் யார் என்ற பழைய பட்டியல் புதிய பொருளைப் பெற்றது. குடும்பத்தினர், மற்றையோர் என்ற பிரிப்பில் அந்த "மற்றையோர்" என்ற கட்டம்தான் பொலிஸார் பார்க்கும் கட்டம். சமறியில் உள்ளவர்கள் எல்லோருமே மற்றையோர்.

1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபை உருவாக்கப்பட்டு அதன் தலைமைச் செயலகம் திருகோணமலையில் அமைந்தது. மீண்டும் உத்தியோகத்தர்கள் வந்து இறங்கினார்கள். 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்ததும் பட்டினத்தை விட்டுப் பல குடும்பங்கள் ஓடின. அதற்குப் பின்னரும் கந்தோர்கள் இயங்கின. சம்பளம் வாங்குபவர்கள் திரும்பி வந்தே ஆகவேண்டும். குடும்பத்தை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ விட்டுவிட்டு ஆண்கள் தனியாக வந்தார்கள். சமறி மறுபடி உயிர்பெற்றது.

நாங்கள் நால்வர்

1996ஆம் ஆண்டு நான் திருகோணமலைக்கு வந்தேன். கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்பில் தகர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் ஒரு வீட்டின் முன்பாதியை நாங்கள் நால்வர் எடுத்தோம். நான் பத்திரிகைக்காரன். இருவர் மாகாணச் செயலகத்து எழுதுவினைஞர்கள். நான்காமவர் படவரைஞர், பரந்தனில் பிறந்தவர். அவரே எங்களுள் மிக அமைதியானவர். இரவில் எங்கள் சமையற் கணக்குக் கொப்பியில் கோடுகளை அடிமட்டம் வைத்துக் கீறுவார்.

வீட்டுக்கார அம்மா கணவனை இழந்தவர். மகன் கனடாவில். பின்பாதியில் தன் சகோதரியோடு இருந்தார். எங்களை எடுக்கும்போது அவர் நடத்திய விசாரணை நான் முன்னர் சொன்ன வகையைச் சேர்ந்ததே. ஊர் கேட்டார், கோயில் கேட்டார், மச்சம் சமைப்பீர்களா என்று கேட்டார். வெள்ளிக்கிழமையில் வேண்டாம் என்றார். நால்வரும் தேறினோம். பரந்தன் நண்பரைத்தான் அவருக்கு அதிகம் பிடித்திருந்தது. தன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் அவர் ஒருவரே என்று சொல்வார்.

மூன்றாம் மாதம் படிவம் வந்தது. வீட்டில் இருப்போர் அனைவரது பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம், நிரந்தர விலாசம், வீட்டுத்தலைவருக்கு என்ன உறவு, தங்குவதற்குக் காரணம். அம்மா படிவத்தைக் கையிலெடுத்துக்கொண்டு முதலில் தனியாகவே பொலிஸ் நிலையத்துக்குப் போய் வந்தார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. மாலையில் எங்களை விறாந்தையில் இருத்திப் பேசினார். பரந்தன் நண்பர் கந்தோரிலிருந்து அப்போது வந்திருக்கவில்லை.

"இவருக்கு ஆர் பொறுப்பு எண்டு கேக்கினம். எனக்கு என்ன தெரியும் தம்பி? நல்ல பிள்ளை எண்டு தெரியும். அதைச் சொன்னா அவங்கள் எழுதமாட்டாங்கள். நீங்கள் மூண்டு பேரும் அவருக்குப் பொறுப்பு எண்டு கையெழுத்து வையுங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு எழுதுவினைஞர் தரையைப் பார்த்தார். மற்றவர் யோசித்துச் சொல்கிறோம் என்றார். நான் ஒன்றுமே சொல்லவில்லை. நான் பத்திரிகைக்காரன், என் பெயர் ஏற்கெனவே அவர்களுடைய கண்ணில் பட்டிருக்கும், நான் கையெழுத்திட்டால் நண்பருக்கே அது கேடாகும் என்று அன்றிரவு எனக்கு நானே ஒரு நியாயத்தைக் கட்டிக்கொண்டேன். அந்த நியாயத்தில் சிறிது உண்மையும் இருந்தது. அதனாலேயே அது வசதியாக இருந்தது.

நண்பருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. மறுநாள் மாலை அவர் கணக்குக் கொப்பியை எடுத்து, அன்றைய திகதி வரைக்கும் கோடு கீறி, தன் பங்கைக் கூட்டி, காசை வைத்துவிட்டு, மட்டக்களப்புக்கு மாற்றம் கேட்டிருப்பதாகச் சொன்னார். அந்த வார முடிவில் போய்விட்டார். அவர் கைது செய்யப்படவில்லை. அவருக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. சில ஆண்டுகளின் பின் வெளிநாட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அவர் ஒரு வரியும் எழுதியதில்லை. நானும் எழுதவில்லை.

அம்மா படிவத்தில் மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை வாடகைக்கு ஆள் எடுக்கும்போது அவர் கோயிலைக் கேட்கவில்லை. அடையாள அட்டையை முதலில் வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நான் அருகில் நின்று அதைக் கண்டேன். அவர் கொடியவர் அல்லர். கொடிய காலம் ஒன்று தன் வேலையில் ஒரு பகுதியை அவரிடம் ஒப்படைத்திருந்தது.

லொட்ஜ்

இதே விசாரணை தலைநகரில் எந்த எல்லைக்குப் போனது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளிலுள்ள லொட்ஜுகளிலிருந்து தமிழர்கள் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். 376 பேர் என்று அப்போது கூறப்பட்டது. அவர்கள் வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். பெரும்பாலானோர் வவுனியாவில் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். கொழும்பில் தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லாதவர்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் முதலியோரே லொட்ஜுகளில் தங்குவோர். காரணம் இல்லாமல் யாரும் லொட்ஜில் கிடப்பதில்லை.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே, ஜூன் 8ஆம் திகதி, வெளியேற்றத்தைத் தடுத்து நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பியும் வந்தனர். ஆனால் நீதிமன்ற உத்தரவால் மாற்றமுடியாத ஒன்று நிகழ்ந்துவிட்டது. தமிழ் வீட்டுக்காரர்களும் லொட்ஜுக்காரர்களும் தமிழர்களைக் கண்டு அஞ்சத் தொடங்கியிருந்தார்கள். வடக்கு முகவரி என்றால் அறை இல்லை என்று சொன்னவர்களில் எம்மவரும் இருந்தார்கள் என்பதை அக்காலத்தில் அறை தேடிய எவரும் சொல்வர்.

2011 ஆகஸ்ட் இறுதியில் அவசரகாலச் சட்டம் காலாவதியானது. 76ஆம் பிரிவு காலாவதியாகவில்லை. 2024இன் தொடக்கத்தில் கொழும்பில் வீட்டு விபரப் படிவங்கள் மீண்டும் விநியோகிக்கப்பட்டபோது, பொலிஸார் சட்ட ஆதாரமாகச் சுட்டியது 1865ஆம் ஆண்டின் அந்தப் பழைய பிரிவையே. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் கேள்வி மாறவில்லை.

கடல் கடந்தும்

இது எமது நாட்டின் நோய் மட்டுமன்று. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர், தமிழ்நாட்டில் முகாம்களுக்கு வெளியே இருந்த ஈழத்தமிழர்கள் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டியிருந்தது. அவர்களுக்கு வீடு கொடுப்பதற்கு வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். 2012 பெப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகநபர்கள் ஐவர் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்கள் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்திருந்தவர்கள். அதனைத் தொடர்ந்து, வாடகைக்காரர் விபரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்கவேண்டும் என்று சென்னை மாநகரப் பொலிஸ் ஆணையாளர் உத்தரவிட்டார். இம்முறை சந்தேகக் கண் வடநாட்டுத் தொழிலாளர்மேல் விழுந்தது. ஒரு காலத்தில் ஈழத்தமிழர் நின்ற இடத்தில் பீகாரிகள் போய் நின்றார்கள்.

இலண்டனில் வீடு வாங்கி அறைகளை வாடகைக்கு விடும் எம்மவர் பலருக்கு 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் தெரிந்திருக்கும். வாடகைக்கு வருபவருக்கு அந்நாட்டில் தங்கும் உரிமை உண்டா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை என்றும், தவறினால் தண்டம் என்றும் அது விதித்தது. 2016 பெப்ரவரியிலிருந்து இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் பெயருள்ளவரை மட்டுமன்றி, கூட இருக்கப்போகும் வயதுவந்தோர் அனைவரையும் பார்க்கவேண்டும் என்பது அதன் விதி. 2019 மார்ச்சில் இலண்டன் உயர் நீதிமன்றம், இத்திட்டத்தால் வீட்டுக்காரர்கள் பாரபட்சம் காட்டுகிறார்கள் என்று தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று அத்தீர்ப்பை மாற்றியது. ஆனால் பாரபட்சம் நிகழ்கிறது என்பதை அதுவும் மறுக்கவில்லை.

அந்த வழக்கில் வெளிப்பட்ட மனநிலை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் இனவெறியராக இருக்கவேண்டியதில்லை. தவறினால் தண்டம் என்று தெரிந்ததும், தாளைப் படித்து விளங்கிக்கொள்வதைவிட, சிக்கலில்லாத பெயரையும் சிக்கலில்லாத முகத்தையும் தெரிவு செய்வது அவருக்கு எளிதாகிவிடுகிறது. உட்துறைமுக வீதிக்குப் பின்னால் அந்த அம்மா செய்ததும் அதுவே. அரசாங்கம் கேட்கும் கேள்வியை வீட்டுக்காரர் வாயில் வைத்துவிட்டால், அரசாங்கம் சொல்லத் தயங்கும் மறுமொழியையும் வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். யாரும் யாரையும் வெளியேற்றியதாகப் பதிவு இராது.

எந்தத் தாளில் எந்தப் பெயர்

வீடு கொடுப்பவர் எதுவுமே கேட்கக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நானும் வீடு கொடுப்பவன். எத்தனை பேர், மலகூடம் ஒன்று போதுமா, வாடகையைத் தனித்தனியே கட்டுவீர்களா சேர்ந்தா, ஒருவர் இடையில் போனால் அவர் பங்கு எப்படி, புதியவர் வருவதானால் எனக்கு எப்போது சொல்வீர்கள், மின்சாரக் கட்டணம் யார் பொறுப்பு, முற்பணம் எப்போது திரும்பும் என்பவற்றைக் கேட்டே ஆகவேண்டும். இவையெல்லாம் ஒருவர் என்ன செய்வார் என்பதைப் பற்றிய கேள்விகள். பிறந்த ஊர், கோயில், அட்டையின் பின்பக்கம் ஆகியவை ஒருவர் யார் என்பதைப் பற்றிய கேள்விகள். முதல்வகைக் கேள்விக்கு அந்த மனிதர் பொறுப்பேற்க முடியும். பரந்தனில் பிறந்ததற்கு என் நண்பர் எப்படிப் பொறுப்பேற்பார்?

பழைய சமறியில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு உரிமை இல்லை. பொலிஸ் படிவத்தில் எல்லோர் பெயரும் இருந்தது. அப்போதும் அவர்களுக்கு உரிமை இல்லை. எங்கள் நால்வரின் பெயரும் வீட்டு ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், "இவருக்கு யார் பொறுப்பு" என்ற கேள்விக்கு அம்மாவிடம் காட்டுவதற்கு ஒரு தாளாவது இருந்திருக்கும். அவர் வாடகைக்காரர், அவருக்கு அவரே பொறுப்பு என்று சொல்லியிருக்கலாம். அதை ஏற்றிருப்பார்களா என்பது வேறு. சொல்வதற்கு ஒரு சொல் இருந்திருக்கும். நாங்கள் மூவரும் தரையைப் பார்க்கவேண்டி வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். அது எங்கள் குணத்தைப் பொறுத்தது.

அந்த இளைஞர்களை மறு ஞாயிறு வரச்சொன்னேன். முல்லைத்தீவுத் தம்பியும் வந்திருந்தார். இந்த நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் செல்லும். 1840ஆம் ஆண்டிலிருந்து அதுவே விதி. ஆகவே மூவரையும் கூட்டிக்கொண்டு ஒரு நொத்தாரிசிடம் போனேன். தலைவர் யார் என்று அவர் கேட்டார். வழக்கமான கேள்விதான். தலைவர் எவரும் இல்லை, மூவரையும் எழுதுங்கள் என்றேன். கட்டணம் சற்றுக் கூடும் என்றார். கூடியதை நான் கட்டினேன்.

திரும்பி வரும் வழியில் வதிவிடச் சான்றிதழ்களையும் வேலைக் கடிதங்களையும் அவர்களிடமே கொடுத்தேன். அட்டைப் பிரதிகளை மட்டும் ஒப்பந்தத்தோடு வைத்துக்கொண்டேன். இலக்கம் சரிபார்க்க அவை வேண்டியிருந்தன. முல்லைத்தீவுத் தம்பி தன் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை வைச்சிருங்கோ ஐயா, நாளைக்கு ஆரும் வந்து கேட்டா உங்களுக்குக் கரைச்சல்" என்றார்.

என் கரைச்சலைப் பற்றி அவர் யோசித்தார். அந்தச் சான்றிதழை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். யாரும் வந்து கேட்டால் அன்று நான் என்ன சொல்வேன் என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை. 1996இல் சொல்லாமல் விட்டதை இம்முறை சொல்வேன் என்றுதான் எண்ணுகிறேன்.